‘லாக்’ எடுத்த வண்டிக்கு யார் பொறுப்பு?

புனேயை ஒட்டிய பிம்ப்ரி, சிஞ்ச்வட், காளேவாடி, தேர்காவ் பக்கம் மின்ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் சின்னக் கடைகளுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பிரேக் பிடிக்கவில்லை என்று வருவது குறைவு. ‘லாக் எடுத்துக் கொடுப்பீர்களா?’ என்று, அதாவது வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தரச் சொல்லி, கேட்டு வருகிறவர்களே அதிகம். கடைக்காரரும் வியப்படைவதில்லை. சில ஆயிரம் ரூபாய், ஒரு மணி நேரம், ஒரு டீ. இருபத்தைந்தைத் தாண்டாத வண்டி நாற்பத்தைந்தில் பறந்துகொண்டு வீடு திரும்புகிறது.

கேட்பவர்களின் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. போசரி எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை ஷிப்டுக்கு ஓடுகிறவர், ஹிஞ்சவடி அடுக்குமாடிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர், பழைய மும்பை-புனே நெடுஞ்சாலையில் பி.எம்.பி.எம்.எல். பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் நடுவே 25 கிலோமீட்டரில் ஊர்கிறவர், எல்லோருக்கும் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்து, லைசென்ஸ் எடுக்க நேரமில்லாமல், ‘நம்பர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து இந்த வண்டியை வாங்கியவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்குச் சொல்லப்படாத ஒன்று உண்டு. அந்த இரண்டு சலுகைகளும் வண்டிக்குத் தரப்பட்டவை அல்ல. அதன் மந்த வேகத்துக்குத் தரப்பட்டவை. வேகம் கூடிய நொடியில் இரண்டும் போய்விடுகின்றன.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் விதி 2(யு) இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. மின்கலத்தில் ஓடும் இருசக்கர வண்டியின் மோட்டார், முப்பது நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. வேகத்தையும் திறனையும் கடைக்காரர் சொன்னால் போதாது. விதி 126-இல் பெயர் சொல்லப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சோதித்து உறுதிசெய்திருக்க வேண்டும். இந்த இரண்டு வரம்பில் ஒன்றைத் தாண்டினாலும் அது மோட்டார் வாகனம்தான். பதிவு, காப்பீடு, லைசென்ஸ் எல்லாம் தேவை.

ஆக, ‘லாக்’ எடுத்த வண்டி சட்டத்தின் கண்ணில் வேகமான சைக்கிள் அல்ல. பதிவு இல்லாத, காப்பீடு இல்லாத, பல சமயம் லைசென்ஸும் இல்லாதவர் ஓட்டும் மோட்டார் வாகனம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் திரும்பத் திரும்ப மறக்கப்படுகிறது.

இது வேறு ஏதோ ஊரில் நடந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நடப்பது இந்தியாவின் வாகன நகரத்தில். சிஞ்ச்வட்டை அடுத்த ஆகுர்டியில் பஜாஜ் தன் பழைய சேத்தக்கைச் செய்த இடத்திலேயே 2022 ஜூனில் மின்சாரச் சேத்தக்குக்குத் தனி ஆலை திறந்தது. வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் கோத்ரூடில் இருக்கிறது. இன்னொரு சோதனை நிறுவனமான சி.ஐ.ஆர்.டி. போசரியிலேயே இருக்கிறது. சான்று தருகிற இடத்துக்கும் சான்றைக் கிழித்துப் போடுகிற கடைக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

கடையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? எளிய வேலை முதல் ஆபத்தான வேலை வரை வரிசையாக நான்கு உண்டு. மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து தரும் கன்ட்ரோலர்கள் பலவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சிறு வயர் இணைப்பு இருக்கும். அதைப் பிரித்துவிடுவது முதல் வழி. சிலவற்றில் டிஸ்ப்ளேயின் செட்டிங்குக்குள் போய் எண்ணை மாற்றுவார்கள். இதோடு திருப்தி அடைகிறவர்கள் குறைவு. அடுத்தது கன்ட்ரோலரையே மாற்றுவது. 48 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுத்தது 25 ஆம்பியர் இழுக்கத் தொடங்கும். 720 வாட் 1,200 வாட் ஆகும். மூன்றாவது, பேட்டரியை 48 வோல்ட்டிலிருந்து 60 வோல்ட்டுக்கு ஏற்றுவது. சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரின் சுழற்சி வேகம் வோல்ட்டேஜுக்கு ஏற்ப உயரும் என்பதால் இது உடனே பலன் காட்டும். நான்காவதுதான் கொடியது. பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். என்கிற மின்சுற்று, இவ்வளவு கரன்ட்டைத் தர மாட்டேன் என்று இடையில் வெட்டிவிடுகிறது. ‘அடிக்கடி கட் ஆகுது அண்ணா’ என்று பையன் வந்து நிற்கிறான். கடைக்காரர் பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேராக வயர் போட்டுவிடுகிறார். வெட்டு நின்றுவிட்டது, பையனுக்கு மகிழ்ச்சி.

இந்த நான்கில் எதுவுமே பிரேக்கைத் தொடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேகம் இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. 25-இல் ஆறு மீட்டரில் நின்ற டிரம் பிரேக், 50-இல் அதே பிடிக்கு இருபத்து நான்கு மீட்டர் கேட்கும். பார்த்து, உணர்ந்து, கையை அழுத்துவதற்குள் ஓடிவிடும் தூரம் இதில் சேரவில்லை. டயர், சேசிஸ், முன் ஃபோர்க் எல்லாம் மெதுவான வண்டிக்கென்று விலை பார்த்துப் போட்டவை. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன் வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காகும். எனவே முன்பு போன தூரத்தில் பாதிகூடப் போகாமல் சார்ஜ் தீரும். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பாதி வழியில் நின்ற பிறகு ‘பேட்டரி போயிடுச்சு, பெருசு போட்டுக்கலாம்’ என்று அடுத்த வியாபாரம் தொடங்கும்.

வெப்பம் இன்னொரு பக்கம். வயரிலும் செல்லிலும் உண்டாகும் சூடு, கரன்ட்டின் வர்க்கத்தோடு ஏறுவது. 15 ஆம்பியர் 25 ஆனால் சூடு கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கனெக்டர் இளகும், மோட்டாரின் காந்தம் வலுவிழக்கும். பி.எம்.எஸ். தாண்டப்பட்டிருந்தால் ஒரு செல் வரம்பை மீறிச் சூடாவதைத் தடுக்க யாரும் இல்லை.

வேலூரில் 2022 மார்ச் இறுதியில் நடந்ததைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வாங்கிய மின்ஸ்கூட்டரை இரவு வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிய தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே வாரத்தில் புனே லோஹ்காவ் பகுதியில் சாலையோரம் நின்றிருந்த மின்ஸ்கூட்டர் ஒன்று தானாகத் தீப்பற்றி எரிந்த காணொலி நாடு முழுக்கச் சுற்றியது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்திராபாதில் ஓட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் ஷோரூமில் எழுந்த தீயில் மேல்மாடியில் தங்கியிருந்தவர்கள் உட்பட எட்டுப் பேர் மாண்டார்கள். இவை தெருக்கடையில் திருத்தப்பட்டதால் எரிந்தவை என்று சொல்வதற்கில்லை. கம்பெனிப் பேட்டரிக்கே இந்தக் கதி என்றால், பழைய செல்களைப் பற்றவைத்து, டேப் சுற்றி, காவல் சுற்றையும் கழற்றிவிட்ட பேட்டரியைத் தலைமாட்டில் வைத்துச் சார்ஜ் போடுவதை என்னவென்று சொல்வது?

அந்தத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியை இறுக்கியது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1-இல், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31-இல் அமலுக்கு வந்தது. ஒரு செல் எரிந்தால் அடுத்த செல்லுக்குத் தீ தாவக்கூடாது, தண்ணீரில் மூழ்கினாலும் பேட்டரி தாக்குப்பிடிக்க வேண்டும், அழுத்தம் வெளியேற வால்வு வேண்டும் என்றெல்லாம் சோதனைகள். பேட்டரிப் பெட்டியை ஒருமுறை திறந்துவிட்டால் இவற்றில் ஒன்றுக்கும் உத்தரவாதம் கிடையாது. நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். கழித்த செல்களை எடுத்து ஒட்டிப் பேட்டரி கட்டி விற்பதையே அந்த நகரம் தடைசெய்துவிட்டது. இங்கே அது இன்னும் ‘லோக்கல் பேட்டரி, பாதி விலை’ என்று விளம்பரத்தோடு போகிறது.

தீயாவது எல்லோருக்கும் நேர்வதில்லை. விபத்து அப்படியல்ல. சிஞ்ச்வட் ஸ்டேஷன் அருகே, லாக் எடுத்த வண்டி சாலையைக் கடக்கும் ஒரு முதியவரை இடித்து அவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 164-இன்படி, யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கோரலாம். காப்பீடு இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் வண்டியின் சொந்தக்காரர் கட்ட வேண்டும். முதியவரின் குடும்பம் பிரிவு 166-இன்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. ஊரில் இருக்கும் நிலம் வரை ஜப்திக்கு வரலாம். கூடவே பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1) இருக்கிறது; அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை.

ஓட்டியவரே இறந்தால்? பதிவு செய்த வண்டி வைத்திருந்து, லைசென்ஸும் இருந்து, காப்பீட்டோடு சேர்ந்த தனிநபர் விபத்துப் பாதுகாப்பும் எடுத்திருந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும். லாக் எடுத்த வண்டிக்காரரின் குடும்பத்துக்கு அந்தக் கதவே இல்லை. டெலிவரி வேலைக்குப் போகும் மகனுக்குப் பணம் போட்டு இந்த வண்டியை வாங்கித் தரும் பெற்றோர் இந்த ஒரு வரியையாவது இரண்டு முறை படிக்க வேண்டும்.

இனி அபராதம். பதிவு இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 192-இன்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய், அடுத்த முறை 10,000 வரை அல்லது ஓராண்டு வரை சிறை. லைசென்ஸ் இல்லாவிட்டால் பிரிவு 181-இன்படி 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ. காப்பீடு இல்லாததற்குப் பிரிவு 196. 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. 2019 திருத்தத்தில் புகுந்த பிரிவு 182ஏ(4) நேராக இந்த வேலைக்கென்றே எழுதியது போலிருக்கிறது: அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை. கன்ட்ரோலர் ஒன்று, பேட்டரி ஒன்று என்று தனித்தனியாகக் கணக்குப் போட இடமிருக்கிறது. (இவை சட்டத்தில் உள்ள தொகைகள். இடத்திலேயே சமரசமாகக் கட்டும் தொகையை மாநில அரசு தனியாக நிர்ணயிக்கிறது.) இதற்கு மேல் பிரிவு 207-இல் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். திரும்ப வாங்க ஆவணம் காட்ட வேண்டும். இல்லாத பதிவுச் சான்றை (ஆர்.சி.) எங்கிருந்து காட்டுவது?

வண்டியைச் சிறுவனிடம் கொடுத்திருந்தால் கதை இன்னும் மோசம். லைசென்ஸ் தேவையில்லை என்ற நம்பிக்கையில் டியூஷனுக்கும் கிரிக்கெட்டுக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் சாவியைத் தருவது சிஞ்ச்வட்டில் சாதாரணக் காட்சி. 25-க்குள் ஓடும் வண்டி என்றால் சட்டம் தலையிடாது. லாக் எடுத்திருந்தால் பிரிவு 199ஏ வந்து நிற்கும்: பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும், பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 2024 மே 19 அன்று கல்யாணி நகரில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் இரண்டு இளம் பொறியாளர்களைக் கொன்றபோது பெற்றோரின் பொறுப்பைப் பற்றிப் புனே முழுதும் கொதித்துப் பேசியது. அதே வீடுகளில் பையன் கையில் லாக் எடுத்த ஸ்கூட்டர் சாவி தொங்கியது.

அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்றால், செய்யவே இல்லை என்று சொல்ல முடியாது. மகாராஷ்டிரப் போக்குவரத்து ஆணையர் அலுவலகம் 2022 மே மாதத்தில், திறனையும் வேகத்தையும் கூட்டிய மின்வண்டிகள் மீதும் அவற்றை விற்கும் தயாரிப்பாளர், டீலர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி ஆர்.டி.ஓ.க்களுக்கு உத்தரவிட்டது. ஆர்.டி.ஓ.வின் ‘வாயுவேக்’ படைகள் சாலையில் இறங்கின. பிறகு வழக்கம்போலத் தணிந்தன. சோதனை எப்போதும் சாலையில் ஓட்டுகிறவனைப் பிடிப்பதோடு முடிகிறது. ‘50 கி.மீ. வேகம், லைசென்ஸ் வேண்டாம்’ என்ற பலகை பகல் வெளிச்சத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. அந்த ஒரு வரியே குற்ற ஒப்புதல். பிரிவு 182ஏ(1)-இல், விதிக்கு மாறான வண்டியை விற்கும் அல்லது மாற்றித் தரும் டீலருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது. பத்துக் கடைகளில் இதை உண்மையாகப் பயன்படுத்தினால் ஆயிரம் பையன்களைச் சாலையில் துரத்த வேண்டியிராது.

இனி, செய்ய வேண்டியவை. வாங்கப் போகிறவரிலிருந்து தொடங்கலாம்.

குறைவேக வண்டிதான் வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். ‘ஏ.ஆர்.ஏ.ஐ. அப்ரூவ்டு’ என்ற ஸ்டிக்கர் சான்று ஆகாது. சான்றில் தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர், மோட்டாரின் முப்பது நிமிடத் திறன், அதிகபட்ச வேகம் நான்கும் இருக்க வேண்டும். மாடல் பெயர் ஓரெழுத்து மாறினாலும் அது வேறு வண்டியின் சான்று. மோட்டார் மேல் பொறித்த வாட், பில்லில் எழுதிய வாட், சான்றில் உள்ள வாட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பில் ஜி.எஸ்.டி. எண்ணோடு, சேசிஸ் எண், மோட்டார் எண், பேட்டரியின் வரிசை எண்ணோடு இருக்கட்டும். கச்சா பில் வாங்கிக்கொண்டு இரண்டாயிரம் மிச்சப்படுத்தியவர்களால் பின்னால் ஒரு புகாரும் கொடுக்க முடிவதில்லை. ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தை வண்டியின் டிஸ்ப்ளேயில் பார்க்காமல் செல்போனின் ஜி.பி.எஸ்.ஸில் பாருங்கள். டிஸ்ப்ளேயில் 25 என்று காட்டிக்கொண்டே 40-இல் போகும் வண்டிகள் உண்டு.

வேகம் தேவை என்பவருக்கு நேர்வழி, பதிவு செய்த வண்டி. இதற்குச் செலவு அதிகம் என்பது பாதி வதந்தி. மின்வண்டிகளுக்குப் பதிவுச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்ட்டிலேயே ரத்து செய்துவிட்டது. மூன்றாம் நபர் காப்பீடு புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு எடுக்க வேண்டும்; 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணத்தில் 3 கிலோவாட் வரை 2,466 ரூபாய், 3 முதல் 7 கிலோவாட் வரை 3,273 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு இவ்வளவுதான். கன்ட்ரோலர் மாற்றக் கடையில் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டீலரிடமிருந்து வர வேண்டியவை: பதிவு விண்ணப்பமான படிவம் 20, விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22, காப்பீட்டுப் பத்திரம். சிஞ்ச்வட் முகவரிக்கு எம்.எச். 14 என்று தொடங்கும் எண் கிடைக்கும். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. எண் வரும் முன் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். ‘இரண்டு நாளில் வந்துவிடும்’ என்பதெல்லாம் டீலர் பேச்சு.

லைசென்ஸும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. கியர் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கு என்று அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பித்துப் பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) எடுக்கலாம். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்ததும் ஓட்டுச் சோதனைக்குப் போகலாம். தமிழ்நாட்டில் எடுத்த லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். அதை மகாராஷ்டிரத்துக்கு ‘மாற்ற’ ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட மின்ஸ்கூட்டரைக் கொண்டுவந்தவர், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27-இல் புது எண் கேட்க வேண்டும்.

அடுத்து, ஏற்கெனவே லாக் எடுத்துவிட்டவர்கள். இவர்கள்தான் அதிகம். ‘இதையே பெரிய வண்டியாகப் பதிவு செய்துவிடலாமா?’ என்று கேட்கிறார்கள். முடியாது. பதிவுக்குப் படிவம் 22 வேண்டும். அது தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு வாங்கிய ஒப்புதலின் பேரில் வருவது. தெருக்கடையில் மாறிய வண்டிக்கு அதைத் தர யாருமில்லை. ஆர்.டி.ஓ. வாசலில் ‘செட்டிங்’ செய்து தருவதாகச் சொல்கிறவர் உங்கள் பணத்தைத்தான் மாற்றப் போகிறார்.

ஒரே வழி, பழைய நிலைக்குக் கொண்டுவருவது. லாக் எடுத்த அதே கடைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் அசல் கன்ட்ரோலரையும் அசல் சார்ஜரையும் போடச் சொல்லி, சேசிஸ் எண், புதிய கன்ட்ரோலரின் வரிசை எண், தேதி குறித்த ஜாப் கார்டையும் பில்லையும் வாங்குங்கள். 60 வோல்ட்டுக்கென்று வந்த சார்ஜரை 48 வோல்ட் பேட்டரியில் மறந்தும் செருகாதீர்கள். பேட்டரிப் பெட்டி ஒருமுறை திறக்கப்பட்டிருந்தாலோ பி.எம்.எஸ். தாண்டப்பட்டிருந்தாலோ அந்தப் பேட்டரியைச் சரிசெய்ய முயல வேண்டாம். பழைய இரும்புக் கடையிலும் போட வேண்டாம். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்து ரசீது கேளுங்கள். எல்லாம் முடியும்வரை வண்டி ஓடக் கூடாது, வீட்டுக்குள் சார்ஜிலும் இருக்கக் கூடாது. மாடிப்படியின் கீழே, வாசல் கதவை ஒட்டி, இரவில் தூங்கும்போது சார்ஜ் போடக் கூடாது. வேலூரை நினைவில் வையுங்கள்.

பதிவு செய்த ஸ்கூட்டரில் ‘ஸ்பீடு மோடு’ திறந்து கொள்கிறவர்களும் இதே வலையில்தான் இருக்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பிரிவு 52 தடுக்கிறது. அது போக, வாரன்ட்டி அன்றே போகும். வண்டி எரிந்தால் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயரை அனுப்பி முதலில் தேடுவது இதைத்தான்.

மூன்றாவது வகை, ஏமாற்றப்பட்டவர்கள். லாக் எடுக்கச் சொல்லிக் கேட்காமலே, 250 வாட் என்று பில் போட்டு, கடைக்காரர் முன்கூட்டியே பெரிய கன்ட்ரோலர் வைத்து விற்ற வண்டி. வாங்கியவருக்குப் போலீஸ் பிடித்த பிறகுதான் தெரிகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இங்கே கைகொடுக்கும்; ஆனால் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விற்பவரே பொருளை மாற்றியமைத்து அந்த மாற்றம் கேட்டுக்குக் காரணமானால் பிரிவு 86-இன்படி அவர் பொறுப்பு. பொருள் கேடு விளைவித்த நேரத்தில் அது தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்பவர்மீது பொருட்பொறுப்பு வழக்கே போட முடியாது என்கிறது பிரிவு 87. கடைக்காரரின் வக்கீல் முதலில் சொல்லப் போவது, ‘இவரே வெளியில் மாற்றிக்கொண்டார்’ என்பதுதான். எனவே வாங்கிய அன்றைய நிலையை நிரூபிக்கும் சான்று உங்களிடம் இருக்க வேண்டும்: கடைப் பலகையின் புகைப்படம், விளம்பரக் காணொலி, வாட்ஸ்ஆப் உரையாடல், டெலிவரி எடுத்த நாளின் படம். வாட்ஸ்ஆப் அச்சுப்படியோடு பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63-இன்கீழ் ஒரு சான்றும் இணைத்தால் நல்லது.

முதலில் 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் பதிவு அஞ்சலில் ஒரு நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் புனே மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை. கெடு இரண்டு ஆண்டு. இரண்டு ஆண்டு என்பது நீளமாகத் தெரியும். பில்லைத் தேடத் தொடங்கும்போது குறுகிவிடும். வண்டியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடம் கேட்கலாம். அதுவரை வண்டியை யாரும் பிரிக்க விடாதீர்கள், ‘சரிசெய்து தருகிறேன்’ என்று கடைக்காரரே வந்தாலும்.

‘50 கி.மீ., லைசென்ஸ் வேண்டாம்’ என்ற பலகையைக் கண்டவர், வண்டி வாங்காதவராக இருந்தாலும் புகார் செய்யலாம். தவறான விளம்பரம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 17-இன்கீழ் புனே மாவட்ட ஆட்சியருக்கே எழுதலாம். மாற்றிய வண்டி விற்பதைப் பற்றியென்றால் மோஷியில் உள்ள பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆர்.டி.ஓ.வுக்கு. கடையின் பெயர், முகவரி, தேதியிட்ட புகைப்படம், ‘பிரிவு 182ஏ(1)-இன்கீழ் நடவடிக்கை கோருகிறேன்’ என்ற ஒரு வரி போதும். மராத்தியில் எழுதிக் கொடுத்தால் வேகமாக நகரும். அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் கேட்டு எழுதலாம். கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ‘ஆவக்-ஜாவக்’ (கடித வரவு-அனுப்புகை) என்ற பலகை தொங்கும் பிரிவில் இரண்டு பிரதி நீட்டி, உங்கள் பிரதியில் முத்திரையும் வரவு எண்ணும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்கப்படாத மனு. ‘சாகேப் இல்லை, நாளை வா’ என்பார்கள். மனு வாங்க சாகேப் இருக்க வேண்டியதில்லை. மறுத்தால் ‘ஆப்லே சர்க்கார்’ குறைதீர்ப்புத் தளத்தில் அதே மனுவை ஏற்றுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் பலகை அங்கேயே தொங்கினால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. மகாராஷ்டிர விதிப்படி ஒரே பொருள், 150 சொற்களுக்குள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மூன்றே கேள்வி கேளுங்கள்: இந்த வரவு எண் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, 2022 மே உத்தரவுக்குப் பிறகு இந்த அலுவலகம் பிரிவு 182ஏ(1)-இல் எத்தனை டீலர்கள் மீது வழக்குத் தொடுத்தது, எத்தனை கடைகளுக்கு ஆய்வுக்குப் போனது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம்.